டிரைவரை நான்கு முறை மாற்றியும் திரை சிதறுகிறது: ஜிபியூ போய்விட்டதா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

கேமிங் லேப்டாப், வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கேம் ஆடும்போது உருவங்கள் முக்கோணம் முக்கோணமாக இழுபடுகின்றன. சில நேரம் திரை இரண்டு வினாடி கறுத்துவிட்டுத் திரும்புகிறது, திரும்பும்போது கேம் மூடிக்கிடக்கிறது. சும்மா பிரவுசரில் படிக்கும்போதும் மினுக்குகிறது. டிரைவரை (ஜிபியூவை இயக்கும் மென்பொருள்) நான்கு முறை அழித்துப் போட்டாயிற்று. புதியது, பழையது, லேப்டாப் கம்பெனி தந்தது, எல்லாம் ஒன்றுதான். ஜிபியூ (படம் வரையும் சிப்) செத்துவிட்டதா, இல்லை சரியான டிரைவர் இன்னும் சிக்கவில்லையா?

பிப்ரவரி 8, இரவு 10.15

மூன்று தொல்லைகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே காரணம்தான் என்று யார் சொன்னது? நானும் இதே முடிச்சில்தான் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் லேப்டாப்பில் கேம் ஆடும்போது பளிச் பளிச்சென்று புள்ளிகள், ஆடாதபோது மினுக்கல். எனவே இதை வைத்தியர் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்துப் படுக்கை நோயாளியின் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரில் மறுபடி கை வைக்கும் முன் ஒரு வேலை. அடுத்த முறை திரை சிதறும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே நேரத்தில் போனால் திரையைப் படமும் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது மெமரியில் இருக்கும் படத்தின் நகல். அதிலேயே சிதறல் இருந்தால் படம் பிறக்கும்போதே கெட்டிருக்கிறது: ஜிபியூ, அதன் மெமரி, டிரைவர், இல்லையென்றால் அந்தக் கேம். அதில் இல்லாமல் போன் படத்தில் மட்டும் தெரிந்தால், நல்லபடி பிறந்த படம் பேனலுக்கு, அதாவது லேப்டாப் திரைக்கு, போகிற வழியில் கெடுகிறது.

ஸ்கிரீன்ஷாட்டைப் போனுக்கு அனுப்பி அங்கே பாருங்கள். அதே லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு "ஆமாம், இதிலும் மினுக்குகிறதே" என்று நான் ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, இரவு 10.40

ஒன்றை விட்டுவிட்டேன். லேப்டாப்பை அணைத்து, பயோஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) போய் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, டிரைவர் கிடையாது. அங்கும் புள்ளியோ கோடோ தெரிந்தால் வன்பொருள்தான். சுத்தமாக இருந்தால் ஜிபியூ நலம், நிம்மதியாகத் தூங்கலாம்.

(பிறகு சேர்த்தது: மேலே உள்ள கடைசி வாக்கியம் தப்பு. 11ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள். அழித்தால் கீழே உள்ள பேச்சு புரியாது என்பதால் விட்டுவைக்கிறேன்.)

பிப்ரவரி 9, காலை 7.30

பதில் வந்திருக்கிறது. இழுபடும் முக்கோணங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் விழுகின்றன. மினுக்கல் விழவில்லை. பயோஸ் சுத்தம். ஆக, குறைந்தது இரண்டு தனித்தனித் தொல்லைகள். நான்கு முறை டிரைவர் போட்டும் "எல்லாம் ஒன்றுதான்" என்று தோன்றியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒன்று போயிருந்தாலும் இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 9, இரவு 9.05

இரண்டு வினாடி கறுப்பு பற்றி.

அந்த இரண்டு வினாடி தற்செயல் கணக்கில்லை. விண்டோஸ் ஒரு வேலையை ஜிபியூவிடம் கொடுத்துவிட்டு 2 வினாடி காத்திருக்கும். அதற்குள் அசைவில்லை என்றால் ஜிபியூ தொங்கிவிட்டது என்று முடிவு செய்து, டிரைவரை உதறி மறுபடி எழுப்பும். டிடிஆர் என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் மொத்தக் கணினியும் உறைந்து நிற்கும், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் ஒரே வழி. இப்போது எழுப்பிப் பார்த்து முடியாவிட்டால் 116 என்ற எண்ணோடு நீலத் திரை. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறையைத் தாண்டி விழுந்தாலும் நீலத் திரைதான்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். "டிஸ்ப்ளே டிரைவர் பதில் தருவதை நிறுத்தியது, பின்பு மீண்டது" என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் டிரைவர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் டிரைவரை மாற்றக் கிளம்புகிறோம். ஆனால் அந்த வரிக்கு உண்மையில் தெரிந்தது ஒன்றே ஒன்று: 2 வினாடிக்குள் பதில் வரவில்லை. சூட்டில் வரவில்லையா, மின்சாரம் போதாமல் வரவில்லையா, மெமரி உளறியதால் வரவில்லையா என்று அதற்குத் தெரியாது. சேதி சொல்ல வந்தவனைக் கட்டிவைத்து அடிப்பது போல்தான்.

திரை கறுத்தபடியே நின்றுவிட்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் அந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். பீப் என்று ஒரு சத்தம் கேட்கும். சேமிக்காத வேலையோடு பவர் பட்டனை அழுத்தும் பாவத்திலிருந்து இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) அந்த 2 வினாடியை 10 ஆக்கிவிட்டால் கறுப்பாவது குறையும்.

பிப்ரவரி 9, இரவு 11.50

ரெஜிஸ்ட்ரி யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என்னுடையதில் இப்போது செய்து பார்த்தேன். முன்பு இரண்டு வினாடி உறைந்து கேம் விழும். இப்போது பத்து வினாடி உறைந்து கேம் விழுகிறது. பெரிய ரெண்டர் வேலை விடுபவர்களுக்கு அது பயன்படும், ஜிபியூ அங்கே நிஜமாகவே உழைத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு அது செத்த பிணத்துக்கு எட்டு வினாடி கூடுதல் அவகாசம். பழையபடி மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 10, மாலை 6.20

இன்னொருவர் வந்து "சேஃப் மோடில் டிடியூ ஓட்டினால் எல்லாம் சரியாகும், இதற்கு இத்தனை பேச்சா?" என்று கேட்கிறார். டிடியூ என்பது டிரைவரை வேரோடு அழிக்கும் செயலி. எல்லாம் சரியாகாது. ஆனால் ஓட்டுவதானால் ஒழுங்காக ஓட்ட வேண்டும், அதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நானும் முதல் இரண்டு முறை வழுக்கினேன்.

வேண்டிய டிரைவர்களை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதுதான் முக்கியம். பழைய டிரைவரை அழித்துவிட்டு மறுபடி விண்டோஸுக்குள் வரும்போது இணையம் இருந்தால், நீங்கள் இன்ஸ்டாலரைச் சொடுக்குவதற்குள் தானியங்கி அப்டேட் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பதிப்பைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து வைத்துவிடும். அதன் மேலேயே உங்களுடையதும் உட்காரும். நான் "சுத்தமாகப் போட்டேன்" என்று சொல்லிக்கொண்ட முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிரைவர் தேதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

போடும்போது சிப்செட், பிறகு உள்ளிணைந்த கிராபிக்ஸ், கடைசியில் தனி ஜிபியூ. இந்த வரிசை கட்டாயமா என்றால் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு கிராபிக்ஸ் டிரைவர் இருக்கிறது என்பதை இந்த வரிசை ஞாபகப்படுத்துகிறது.

பிப்ரவரி 10, இரவு 10.30

ஐயோ. சேஃப் மோடுக்குப் போகும் முன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். டிடியூக்காரர் இப்போது நீலத் திரை முன் உட்கார்ந்திருக்கிறாராம், 48 இலக்கம் கேட்கிறதாம். பல லேப்டாப்பில் டிஸ்க் என்கிரிப்ஷன் நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். சாவி சாதாரணமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்து பார்க்கலாம். பயோஸில் எதையாவது மாற்றினாலும் இதே கேள்வி வரலாம், அங்கேயும் இதே முன்னெச்சரிக்கை.

பிப்ரவரி 10, இரவு 11.15

சாவி கிடைத்துவிட்டதாம். நன்றி சொல்லவில்லை, நியாயம்தான்.

பிப்ரவரி 11, பிற்பகல் 3.40

8ஆம் தேதி நான் எழுதியது தப்பு என்று நேற்று படுத்தபிறகுதான் உறைத்தது. அந்த "வரிசை ஞாபகப்படுத்துகிறது" என்ற வாக்கியத்தை எழுதும்போதே உறைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலான கேமிங் லேப்டாப்பில் ஜிபியூ இரண்டு. பிராசஸருக்குள்ளேயே ஒன்று, தனியாக ஒன்று. லேப்டாப் திரையோடு இணைந்திருப்பது சாதாரணமாக உள்ளே இருக்கும் சின்னது. கேமை வரைவது பெரியது. பெரியது ஒவ்வொரு ஃபிரேமையும் வரைந்து முடித்து, சின்னதின் பக்கம் நகலெடுத்துத் தள்ளும். அதை வாங்கிப் பேனலுக்கு அனுப்புவது சின்னது. அதாவது பேனல் கண்ணால் பார்ப்பது எப்போதும் சின்னதின் முகத்தைத்தான்.

இப்போது யோசியுங்கள். பயோஸ் திரையை வரைவது யார்? அதே சின்னதுதான். பெரியது அந்த நேரத்தில் போர்த்திக்கொண்டு தூங்கும். பயோஸ் சுத்தமாக இருக்கிறது, எனவே ஜிபியூ நலம் என்று நான் சொன்னது, தம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அண்ணனுக்கு நோயில்லை என்று சீட்டு எழுதியது போல.

மக்ஸ் சுவிட்ச் உள்ள லேப்டாப் என்றால் வழி இருக்கிறது. பயோஸிலோ, கம்பெனியின் கட்டுப்பாட்டுச் செயலியிலோ "தனி ஜிபியூ மட்டும்" என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்து மறுபடி தொடங்கினால் பேனலின் இணைப்பு சின்னதை விட்டுவிட்டுப் பெரியதோடு சேரும். பவர் பட்டனை அழுத்தியதும் வரும் லோகோ, பயோஸ் திரை எல்லாமே அப்போது பெரியது வரைவது. இப்போது பாருங்கள், அந்தச் சோதனைக்கு அப்போதுதான் மதிப்பு.

மக்ஸ் இல்லையென்றால் எச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்கள். பல கேமிங் லேப்டாப்பில் அந்தத் துளை நேராகப் பெரியதோடு இணைந்திருக்கும். எல்லாவற்றிலும் அப்படி இல்லை. தனி ஜிபியூவின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் எந்தத் திரை யாரோடு இணைந்திருக்கிறது என்று படம் போட்டே காட்டும், அதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. "தனி ஜிபியூ மட்டும்" நிலையிலும் அதே கேபிள், அதே பேனல். மாறியது அனுப்புகிறவர் மட்டும். இந்த நிலையில் மினுக்கல் காணாமல் போனால் கேபிளும் பேனலும் குற்றமற்றவை. அப்படியே இருந்தால் அவற்றைச் சந்தேகிக்கலாம்.

கேட்டவர் மக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். நான் என்னுடையதைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 11, இரவு 8.00

என்னுடையதில் மினுக்கல் போய்விட்டது. பெரியதுக்கு மாற்றிய நொடியிலிருந்து ஒரு மினுக்குக்கூட இல்லை.

மூன்று வாரமாக நான் அழித்து அழித்துப் போட்டது பெரியதின் டிரைவரை. மினுக்கியது சின்னது.

பிப்ரவரி 12, இரவு 9.30

எப்போதும் பெரியதிலேயே ஓட்டலாமே என்றால், பேட்டரி பாதி நேரத்தில் காலியாகிறது, விசிறி அடங்குவதே இல்லை. எனவே பழைய நிலைக்கு வந்து சின்னதை உட்கார்ந்து கவனித்தேன்.

கவனித்ததைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். படம் அசையும்போது மினுக்கல் இல்லை. வீடியோ ஓடினால் இல்லை. சுட்டியை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் இல்லை. கையை எடுத்து, ஒரு பக்கம் எழுத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு வினாடியில் ஆரம்பிக்கும். நோட்பேடைத் திறந்து ஓர் எழுத்தும் அடிக்காமல் பார்த்தேன். அந்த மெல்லிய கர்சர் கோடு தோன்றும்போது ஒரு துடிப்பு, மறையும்போது ஒரு துடிப்பு. திரை முழுவதும் அதனோடு சேர்ந்து லேசாக மங்கித் தெளிகிறது, மூச்சு விடுகிற மாதிரி.

அசையாத படத்தில் மட்டும் வரும் தொல்லை என்றால் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (பிஎஸ்ஆர்) என்ற மின்சேமிப்பு வசதியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். படம் மாறவில்லை என்றால் ஜிபியூ ஒவ்வொரு முறையும் அதே படத்தை அனுப்பத் தேவையில்லை. பேனல் தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு தானே காட்டிக்கொள்ளும், ஜிபியூ கண்ணயரும். கர்சர் துடித்தால் ஜிபியூ எழ வேண்டும், மறுபடி படுக்க வேண்டும். எழுவதும் படுப்பதும் சரியாகக் கைமாறவில்லை என்றால் அந்த இடத்தில் மினுக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் ஏன் விழவில்லை என்பதும் இதனால்தான். மெமரியில் உள்ள படத்துக்கு ஒரு குறையும் இல்லை.

உள்ளிணைந்த கிராபிக்ஸின் கட்டுப்பாட்டுச் செயலியில் பவர் பகுதிக்குள் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கலாம். இரண்டையும் அணைத்துவிட்டேன்.

அப்புறம் விண்டோஸின் நம்பகத்தன்மை வரலாற்றை (எந்த நாளில் என்ன நடந்தது என்ற பதிவு) திறந்து தேதி பார்த்தேன். மினுக்கல் தொடங்கிய வாரத்தில் நான் கையால் போட்டது பெரியதின் டிரைவர். அதற்கு முந்தைய நாள், எனக்குத் தெரியாமல் சின்னதுக்கும் ஒரு டிரைவர் வந்து இறங்கியிருக்கிறது. நான் செய்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. பழியும் அதன் மேலேயே.

பிப்ரவரி 13, காலை 6.50

பத்து மணி நேரம். மினுக்கல் இல்லை.

கேமில் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

பிப்ரவரி 13, இரவு 10.10

விதவிதமான யோசனைகள் வருகின்றன. சுருக்கமாகப் பதில்.

வன்பொருள் வழி ஜிபியூ ஷெட்யூலிங் (ஜிபியூ தன் வேலை வரிசையைத் தானே பார்த்துக்கொள்வது), 2020இல் விண்டோஸ் 10க்கு வந்த அந்தச் சுவிட்ச்: போட்டும் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் மாறவில்லை. ஷேடர் கேஷை (கேமை வரைய முன்பே தயாரித்துச் சேமித்த கோப்புகள்) அழிப்பது: ஒரே ஒரு கேமில் மட்டும் நிறம் கெட்டால் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை, நஷ்டமில்லை. டாஸ்க் மேனேஜர் சோதனை: மைக்ரோசாஃப்ட்டே சொல்வது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர் பக்கம், அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியின் வேலை. நல்ல சோதனை, ஆனால் கேபிள் பழுதானாலும் டாஸ்க் மேனேஜர் மினுக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

லேப்டாப்போடு வந்த சார்ஜர் 230 வாட்ஸ் இருக்க, டைப்-சி வழியாக 100 வாட்ஸில் ஓட்டிக்கொண்டு "கேம் தடுமாறுகிறது" என்பவருக்கு: ஆமாம், தடுமாறும்.

பிப்ரவரி 14, மாலை 5.00

மதர்போர்டை கேக் சுடும் அவனில் வைத்துச் சுட்டால் சரியாகுமா என்று ஒருவர் கேட்கிறார். விளையாட்டாகக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அதனால் நிஜமாகவே பதில் சொல்கிறேன்.

இந்த வைத்தியம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பழுது அதிகம் வருகிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் பொருட்களில் பலவீனம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. சுட்டால் விரிசல் கொஞ்ச காலம் ஒட்டிக்கொள்ளும், திரை வரும். சில வாரத்தில் மறுபடி போய்விடும். "சரியாகிவிட்டது" என்று எழுதியவர்கள் அன்றைக்கே எழுதிவிட்டார்கள். மறுபடி போனதை எழுத யாரும் திரும்பி வரவில்லை.

போர்டில் பிளாஸ்டிக் இணைப்பான்கள் இருக்கின்றன, மின்தேக்கிகள் இருக்கின்றன, நீங்கள் மூச்சு விடும் அறையில் அந்தப் புகை வரும். வேண்டாம்.

பிப்ரவரி 15, இரவு 11.30

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

புள்ளிகளைப் பிடிக்க முதலில் ஃபர்மார்க் என்ற ஜிபியூ சோதனைச் செயலியை ஓட்டினேன். ரோமம் போர்த்திய அந்த வளையம் அரை மணி நேரம் சுழன்றது. ஒரு புள்ளி இல்லை. ஜிபியூ 79 டிகிரியில் சமர்த்தாக நின்றது. அப்புறம் ஓசிசிடி என்ற இன்னொரு சோதனைச் செயலியில் விராம் (ஜிபியூவின் மெமரி) சோதனையை ஓட்டினேன். ஆறாவது நிமிடத்தில் பிழை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 3, 11, 40... நிற்கவில்லை. ஃபர்மார்க் ஜிபியூவின் கணக்குப் போடும் பகுதியை, அதாவது கோர் என்பதை, வேகவைக்கும், மெமரியை அவ்வளவாகச் சீண்டாது. சூட்டைப் பார்க்க அது போதும், மெமரிப் பிழையைப் பார்க்க இதுதான்.

சரி, மெமரி போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைசி ஆசையாக மெமரி வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று ஜிபியூ வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் செயலியைத் திறந்தேன். மெமரி கிளாக் வரிசையில் ஏற்கெனவே ஓர் எண் உட்கார்ந்திருந்தது. கூட்டல் 700. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் 700 மெகாஹெர்ட்ஸ்.

போன வருடம் ஒரு விடுமுறையில் நான் வைத்தது. "விண்டோஸோடு தொடங்கு" என்பதையும் டிக் செய்து வைத்திருக்கிறேன். டிடியூ டிரைவரை அழிக்கும். வேறொரு செயலி தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும் எண்ணை அது ஏன் தொடப்போகிறது? நான் எத்தனை முறை புத்தம் புதிதாக டிரைவர் போட்டாலும், லேப்டாப் எழுந்த அரை நிமிடத்தில் என்னுடைய 700 வந்து அதன் தோளில் ஏறிக்கொண்டிருக்கிறது.

பூஜ்யத்துக்கு மாற்றினேன். விராம் சோதனை ஒரு மணி நேரம். பிழை 0.

பிப்ரவரி 16, காலை 8.15

"அதே 700 ஒரு வருடமாக ஒன்றும் செய்யவில்லையே?" என்று நியாயமான கேள்வி. இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அப்போது லேப்டாப் புதிது. இப்போது காற்றுவழியில் தூசி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், மெமரி சிப்கள் மேல் இருக்கும் வெப்பப் பட்டைகளும் முன்பு போல் ஒட்டிக்கொண்டிருக்காது. 79 டிகிரி என்று எனக்குக் காட்டியது கோரின் சூடு. மெமரியின் சூட்டைப் பல லேப்டாப் ஜிபியூக்கள் வெளியே சொல்வதே இல்லை. விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, வருடம் போகப் போக விளிம்பு உள்ளே நகர்ந்துவிட்டது.

கேட்டவருக்கு: நீங்கள் ஓவர்கிளாக் (இப்படி வேகத்தை ஏற்றுவது) செய்யவில்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போய் ஒருமுறை பாருங்கள். பூஜ்யமாகவே இருந்தால், சோதனைக்காக மெமரியை 500 குறைத்து வைத்து ஆடிப் பாருங்கள். முக்கோணங்கள் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை.

பிப்ரவரி 17, இரவு 9.45

கேட்டவருக்கு முக்கோணங்கள் குறைந்திருக்கின்றன. கறுப்பும் குறைந்திருக்கிறது. ஓவர்கிளாக் எதுவும் இல்லை, எண் பூஜ்யம். கம்பெனி நிர்ணயித்த வேகத்தையே மெமரி தாங்கவில்லை.

மக்ஸ் இருக்கிறதாம். மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, இரவு 10.20

கேட்டவரிடமிருந்து படம் வந்தது. பவர் பட்டனை அழுத்தியதும் வரும் லோகோ. அதைச் சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கோடுகள், தையல் போட்டது போல் ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழ் வரை. பயோஸ் மெனுவிலும் அதே கோடுகள். மறுபடி பழைய நிலைக்கு மாற்றினால் இரண்டும் பளிங்கு மாதிரி சுத்தம். மினுக்கல் மட்டும் திரும்பி வருகிறது.

ஆக உங்கள் கணக்கும் தீர்ந்தது. முக்கோணங்களும் கறுப்பும் பெரியதின் மெமரி, அல்லது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள இணைப்பு. மினுக்கல் சின்னது, என்னுடையது போலவே. பிஎஸ்ஆரை அணைத்துப் பாருங்கள்.

வாரன்ட்டி முடிய இன்னும் நாள் இருக்கிறதல்லவா? இப்போதே கொண்டுபோங்கள். கொண்டுபோகும் முன் அந்த லோகோவையும் பயோஸ் மெனுவையும் போனில் ஒரே வீடியோவாக எடுங்கள், வெட்டாமல், பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து. கேம் சிதறும் வீடியோவைக் காட்டினால் "விண்டோஸை மறுபடி போட்டுப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. பயோஸில் சிதறினால் எதைப் போடச் சொல்வார்கள்? மக்ஸைத் தனி ஜிபியூ நிலையிலேயே விட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அங்கே ஒருவர் லேப்டாப்பைத் திறந்து, சுத்தமான திரையைப் பார்த்து, "கோளாறு எதுவும் தென்படவில்லை" என்று எழுதித் தந்துவிடுவார். பத்து நாள் முன் நான் எழுதித் தந்த மாதிரி.

பிப்ரவரி 19, பிற்பகல் 1.10

டிடியூக்காரர் திரும்பி வந்திருக்கிறார். அவருடையது மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும் கோடு கோடாக வருகிறதாம், கொஞ்சம் சாய்த்தால் போய்விடுகிறதாம். இதைச் சொல்ல ஒன்பது நாளா? கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள். எந்த டிரைவரும் சாய்வு பார்த்து வேலை செய்யாது.

பிப்ரவரி 22, இரவு 8.50

மினுக்கல் திரும்பி வந்துவிட்டது, என்னுடையதில். பதறிப்போய் மக்ஸ் வரை போய்விட்டு, அப்புறம்தான் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். சின்னதின் டிரைவர் தேதி மாறியிருக்கிறது. தானியங்கி அப்டேட் புதிது போட்டிருக்கிறது, நான் அணைத்து வைத்த சுவிட்ச் மறுபடி தானாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அணைத்தேன், நின்றது. டிரைவர்களைத் தானாக இறக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டேன். அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறதா என்று இனி மாதாமாதம் தேதி பார்க்க வேண்டியதுதான்.

லினக்ஸில் இருப்பவர்கள், இன்டெல் கிராபிக்ஸ் என்றால், பூட் வரியிலேயே ஐ915 டிரைவருக்கு பிஎஸ்ஆர் பூஜ்யம் என்று கொடுத்துவிடலாம். ஒரு முறை எழுதினால் நிற்கிறது.

மார்ச் 4, இரவு 9.25

கேட்டவருக்குப் போர்டை மாற்றித் தந்துவிட்டார்களாம். விராம் சோதனை இரண்டு மணி நேரம், பிழை 0. முக்கோணம் இல்லை, லோகோ சுத்தம்.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி: "மறுபடி கறுக்கிறது! ஒரு வினாடி!"

எப்போது என்று கேட்டேன். சார்ஜரைப் பிடுங்கும்போது என்றார். செருகும்போது? அப்போதும்.

பேட்டரியில் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது (60 ஹெர்ட்ஸ்), சார்ஜரில் 144. மாறும்போது ஒரு தடவை கண் சிமிட்டும். டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பிடுங்கிப் பாருங்கள், எண் மாறுவது தெரியும்.

மார்ச் 4, இரவு 9.40

மாறுகிறதாம். டிரைவரை ஏற்கெனவே அழித்துவிட்டாராம்.